கப்பல் காத்திராது: அலாஸ்காவின் கரைகளில் ஒரு குடும்பத்தின் மஷூரா





ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன், சிப்காட்டில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று துஆ செய்த குடும்பங்கள் பல. அல்லாஹ் அந்த துஆவை ஏற்றான். அதற்கு மேலும் கொடுத்தான். அன்று ஆலைகளில் இயந்திரங்களின் முன் நின்றவர்களின் பிள்ளைகள், இன்று பெங்களூரு வழியாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்று பணிபுரிகிறார்கள். பெற்றோரை அங்கே அழைக்கிறார்கள். அழைத்தபின் எதையாவது காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். சியாட்டில் பகுதியில் இருப்பவர்கள் காட்ட விரும்புவது பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, வடக்கே அலாஸ்காவின் பனியாறுகளைப் பார்த்துத் திரும்பும் 7 நாள் கப்பல் பயணம்.

சென்ற ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் ஜூன் மாத இறுதியில், அப்பயணத்தில் என் தாயாருடன் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சியாட்டிலில் பொறியாளராக இருக்கும் என் தம்பி அழைத்தான். அம்மாவுக்கு வயது 71. தனியே அத்தனை தொலைவு அனுப்ப முடியாது. மஹ்ரமாக நான் உடன் சென்றேன். மதரஸாவில் விடுப்பும் கிடைத்தது, அல்ஹம்து லில்லாஹ்.

திரும்பி வந்த நாள் முதல் மூன்று குடும்பத்தார் என்னிடம் வந்து கேட்டுவிட்டனர். "ஹஜரத், அந்தக் கப்பலில் போவது கூடுமா? தொழுகைக்கு என்ன செய்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? துறைமுகங்களில் கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போவதா, நாமே ஏற்பாடு செய்துகொண்டு இறங்குவதா?" கடைசிக் கேள்வி உலகியல் கேள்வியாகத் தோன்றும். மற்ற மூன்று கேள்விகளும் அதற்குள் அடங்கியிருப்பதை அங்கே சென்றபின் கண்டேன். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் போகலாமா என்பது. பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி அல்லாஹ் குர்ஆனில் பணிக்கிறான். பார்ப்பதற்காகப் பயணம் செய்வதில் குற்றமில்லை. ஆயினும் அந்தக் கப்பல்களில் சூதாட்டக் கூடம் உண்டு; மதுக் கடைகள் உண்டு; இரவில் ஆட்டமும் பாட்டும் உண்டு. அவற்றின் வாசலைக் கடந்துதான் உணவுக் கூடத்திற்கே நடக்க வேண்டும். பார்வையையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ள முடியும் என்ற உறுதி உள்ளவர் போகட்டும்; இல்லாதவர் அதே பனியைக் கஷ்மீரில் சோனாமார்க்கின் தாஜிவாஸ் பனியாற்றில் பார்த்துக்கொள்ளலாம். கடன் வாங்கிப் போவதும், ஜகாத் பாக்கியிருக்கப் போவதும், ஹஜ் கடமையாகி அதை நிறைவேற்றாமல் இங்கே போவதும் சரியல்ல. என் தாயாரின் ஹஜ்ஜை என் அத்தா இருந்த காலத்திலேயே அல்லாஹ் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டான். அந்த நிம்மதியுடன்தான் புறப்பட்டோம்.

அடுத்தது ஆவணங்கள். இதில் நம்மவர் பலர் இடறுகிறார்கள். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்ட கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. அலாஸ்கா செல்லும் பெரிய கப்பல்கள் ஏறத்தாழ எல்லாமே வெளிநாட்டுப் பதிவு உடையவை. அதனால் சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பல், வழியில் கனடாவின் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். பெரும்பாலும் கடைசி நாள் மாலையில் விக்டோரியா நகரைத் தொடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் அமெரிக்க விசாவுடன் கனடா விசாவும் பெற்றிருக்க வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவதற்கு உரியதாக இருக்க வேண்டும். டிக்கெட் வாங்குமுன் இதை முடித்துவிடுங்கள்.

இனிக் கரை இறங்குதலைப் பார்ப்போம். கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் சில மணி நேரம் நிற்கிறது. கப்பல் நிறுவனமே பேருந்து, படகு, ரயில் என்று சுற்றுலாக்களை விற்கிறது. விலை அதிகம், நேரமும் நிறுத்தங்களும் அவர்கள் வைத்தபடி. ஆனால் அந்தப் பேருந்து வழியில் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க இயலாவிட்டால், அடுத்த துறைமுகத்தில் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. மற்றொரு வழி, நாமே டாக்சியோ வேனோ பேசிக்கொண்டு செல்வது. செலவு குறையும், நம் விருப்பப்படி நிற்கலாம், நடக்கலாம், தொழலாம். ஆனால் நாம் தாமதித்தால் கப்பல் காத்திராது.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட்டுக்கு ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு என்றால் ஐந்து நாற்பதுக்குத்தான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதோ வழியில் மழை என்பதோ அந்த ஓட்டுநருக்குத் தெரியாது. ஆனால் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் அரை நாள் சம்பளத்தோடு போகும். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் கப்பலைத் தவறவிட்டால், அந்நகரிலிருந்து வெளியூர் செல்லச் சாலையே கிடையாது. மலையும் பனிவெளியும் மூன்று புறம் அடைத்திருக்கின்றன. வானூர்தி அல்லது வேறொரு கப்பல்தான் வழி.

சியாட்டிலில் தம்பி வீட்டில் இதைப் பற்றிப் பேசினோம். தம்பி ஒரு பெரிய அட்டவணை தயாரித்திருந்தான். ஒவ்வொரு துறைமுகத்திலும் நான்கு இடங்கள். எல்லாம் நிமிடக் கணக்கில். பொறியாளர் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "தம்பி, என் முட்டி உன் காகிதத்தைப் படிக்காது."

ஆகவே மஷூரா செய்தோம். மூன்று பேர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. அமீர் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவன், ஆலிம் என்பதால். ஆனால் எனக்கு அந்த ஊரின் சாலையும் தெரியாது, பேச்சும் முழுதாகப் பிடிபடாது. தம்பியின் மகனுக்கு வயது 14. வரைபடம் பார்க்கிறான், ஆங்கிலம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நன்னிமாவின் சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் அவனே. தகுதியைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுப்பதே அமானிதம். கரையில் இறங்கும் நேரமெல்லாம் அவனே அமீர் என்று முடிவாயிற்று. தம்பி சிரித்தான். பையன் சிரிக்கவில்லை.

அம்மா தம் கைப்பையிலிருந்து அத்தாவின் கைக்கடிகாரத்தை எடுத்து அவன் கையில் கட்டிவிட்டார்கள். நம் ஓசூர் டைட்டன் ஆலையில் செய்யப்பட்ட பழைய கடிகாரம். இதைப் பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் ஒரு பயனும் இருந்தது. அலாஸ்காவின் நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த இடத்து நேரத்தைக் காட்டும். கப்பலோ தன் நேரப்படி கயிற்றை அவிழ்க்கும். கப்பல் நேரத்துக்குத் திருத்தி வைத்த ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் குழப்பம் தராது. சொந்த ஏற்பாட்டில் இறங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது என் முதல் யோசனை.

பையனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் புரியும், தொழுகை விட்டு விட்டுத்தான். தம்பியும் அவ்வாறே. ஜுமுஆ தவறாது, மற்ற வக்துகள் வேலைக்கிடையில் கரைந்துவிடும். அம்மாவுக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். சியாட்டிலில் இருந்த நாட்களில் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உபதேசம் செய்ய வந்த அண்ணன் என்று ஆகிவிட்டால், அவன் கதவு மூடிவிடும் என்று அஞ்சினேன். துஆ மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

கப்பல் புறப்பட்டது. முதல் நாள் முழுதும் கடல். கிப்லாவைப் பற்றிய கேள்வி அன்றே எழுந்தது. ஓசூரில் நமக்குக் கிப்லா மேற்கு, சற்றே வடக்குச் சாய்ந்தது. நம் கால்களுக்கே அது பழகியிருக்கிறது. அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதியில் கிப்லா ஏறத்தாழ நேர் வடக்கு. காரணம் எளிது. மக்கா கிழக்குத் தீர்க்கரேகை 40 பாகையை ஒட்டி இருக்கிறது. ஜூனோ மேற்கே 134 பாகையில், கோளத்தின் ஏறக்குறைய மறுபுறம் இருக்கிறது. அங்கிருந்து மக்காவுக்கு மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் இது விளங்காது. பையன் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் நூலை இழுத்து வைத்து நன்னிமாவுக்குக் காட்டினான். அம்மா பழத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை நாளும் நம்ம ஊர்ல இருந்து மேக்கே தொழுதது?" என்று கேட்டார்கள். "அது நம்ம ஊருக்குச் சரி நன்னிமா. வீடு ஒண்ணுதான், வாசல் வேற வேற" என்றான். மதரஸாவில் இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கப்பலில் தொழும்போது நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். தொழுகையினிடையே கப்பல் திரும்புவது தெரிந்தால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும். நான்கு ரக்அத் தொழுகைகள் பயணிக்கு இரண்டாகச் சுருங்கும். ஹனஃபி மத்ஹபில் இந்தக் கஸ்ர் அவசியமானது. ஆனால் இரண்டு வக்துகளை ஒரு வக்தில் சேர்த்துத் தொழும் ஜம்உ, ஹஜ்ஜின் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர கிடையாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் சகோதரர்கள் பயணத்தில் சேர்த்தும் தொழலாம். குளிர்ப் பிரதேசத்துக்குச் செல்பவர்கள் தோல் காலுறை ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். உளூவுடன் அதை அணிந்துகொண்டால், பயணி மூன்று பகல் மூன்று இரவு அதன்மீது மஸஹு செய்துகொள்ளலாம். அம்மாவுக்கு அது பேருதவியாக இருந்தது.

நேரங்களின் கணக்கு நமக்கு வியப்பானது. ஜூன் மாதத்தில் ஓசூரின் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜூனோவிலோ 18 மணி நேரத்துக்கும் மேல். சூரியன் அதிகாலை 4 மணிக்குச் சற்று முன் உதித்து, இரவு 10 மணிக்குச் சற்றுப் பின் மறைகிறது. ளுஹர் பகல் 1 மணி வாக்கில் நுழைகிறது; ஹனஃபி கணக்கில் அஸர் நுழைவது ஏறத்தாழ மாலை 7 மணிக்கு. இடையில் 6 மணி நேரம்! சுற்றுலாவில் தொழ நேரம் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. எந்தச் சுற்றுலாவில் போனாலும் ளுஹரைத் தொழுதுவிடலாம்.

சிக்கல் இஷாவில்தான். அந்த நாட்களில் அங்கே இரவு முழுதும் அந்தி வெளிச்சம் முற்றிலும் மறைவதில்லை. இஷாவின் அடையாளமே தோன்றாத இடத்தில் என்ன செய்வது என்பதை நம் ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. முஸ்லிம் நூலில் உள்ள இந்த ஹதீஸே கணிப்புக்கு அடிப்படை. நாங்கள் இரவை ஏழாகப் பங்கிட்டு, முதல் பங்கு கழிந்ததும் இஷா என்ற முறையைக் கைக்கொண்டோம். பையன் கணக்குப் போட்டான்: இரவின் நீளம் 5 மணி 44 நிமிடம், அதில் ஏழில் ஒரு பங்கு 49 நிமிடம், இஷா 10.56. இந்தக் கணக்கை அவன் யாரும் கேட்காமலே ஒவ்வோர் இரவும் போடலானான்.

மூன்றாம் நாள் பகல் 1 மணிக்கு ஜூனோ வந்தது. இரவு ஒன்பதரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. நகரப் பேருந்து உண்டு. ஆனால் அது பார்வையாளர் மையத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவிலேயே நின்றுவிடும். சக்கர நாற்காலியுடன் அது ஆகாது. துறைமுகத்திலிருந்தே செல்லும் வேனை முன்பதிவு செய்திருந்தோம். வணிக வாகனங்களுக்கு வனத்துறை அளவாகவே அனுமதி தருவதால், கரையில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

அந்த இடத்தை எப்படிச் சொல்வேன்! சுற்றிலும் இருண்ட காடு. நடுவே சாம்பல் நிற ஏரி. ஏரிக்கு அப்பால் இரண்டு மலைகளுக்கிடையே, இறங்கி வரும்போதே உறைந்துபோன ஓர் ஆறு. 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வெண்மை என்று நினைத்துப் போனோம். வெடிப்புகளுக்குள் நீலம் இருந்தது. 1962இல் அங்கே பார்வையாளர் மையம் திறக்கப்பட்டபோது பனி இப்போது இருப்பதைவிட வெகு அருகில் இருந்ததைப் பழைய படங்கள் காட்டுகின்றன. இந்த ஏரியே சென்ற நூற்றாண்டில், பனி பின்வாங்கிய பள்ளத்தில் உண்டானது. 2011 முதல் கோடைகளில், பனியாற்றின் பக்கத்துப் பள்ளம் ஒன்றில் தேங்கும் நீர் திடீரென உடைத்துக்கொண்டு கீழே பாய்கிறது. 2023 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளம் ஆற்றங்கரை வீடுகளை அடித்துச் சென்றது. நம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, தண்ணீர் மனிதனின் செயலுக்குச் சாட்சி சொல்லும் என்பது புதிதன்று.

பையன் ஏரி நீரைக் காட்டி, "பெரியத்தா, இது கலங்கலா இருக்கே, இதுல உளூ செய்யலாமா?" என்று கேட்டான். பனி பாறையை அரைத்து மாவாக்கிக் கொண்டுவருவதால் அந்நிறம். மண் கலந்து நிறம் மாறினாலும் நீரின் ஓட்டமும் தன்மையும் மாறாதவரை அது தூய நீரே, அதில் உளூ கூடும் என்றேன். அவன் மையத்தின் குழாயிலேயே உளூ செய்தான். ஆனால் கேட்டது எனக்கு மகிழ்ச்சி.

சக்கர நாற்காலி செல்லும் சீரான பாதை ஒன்று ஏரியைப் பார்க்கும் முனை வரை போகிறது. அதன் ஓரத்தில், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் விரிப்பை விரித்தோம். திசைகாட்டியைப் பார்த்தால் வடக்கு, வடக்கே பனியாறு. கிப்லாவை நோக்கினால் கண்ணுக்கு முன் அது நிற்கிறது. தொழத் தொடங்குமுன் அம்மா மெல்லச் சொன்னார்கள்: "அத்தனையும் அவனைத்தான் தஸ்பீஹ் பண்ணுது." பின்பு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். இரண்டு ரக்அத் ளுஹர். அம்மா நாற்காலியில் அமர்ந்தபடி, தம்பி என் வலப்பக்கம் சற்றுப் பின்தள்ளி, அவனருகே பையன். தூரத்தில் அருவியின் ஓசை தவிர வேறு சத்தமில்லை.

தொழுகை முடிந்தபோது மணி நான்கு. அருவியின் அடி வரை போய்வர மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. அது அம்மாவுக்கு ஆகாது என்று முன்பே விட்டுவிட்டோம். ஆனால் நகருக்குத் திரும்பியதும் கம்பிவழி ஊர்தியில் மலையேறுவதாகத் திட்டம். தம்பி ஐந்து பேருக்கும் டிக்கெட் வாங்கியிருந்தான். தம்பி மனைவிக்கும் அதில் ஆசை இருந்தது. கப்பல் ஏற இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பையன் நன்னிமாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாம கப்பலுக்குப் போறோம்" என்றான்.

"டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாச்சு. உன் நன்னிமாவைப் பெரியத்தா கூட அனுப்பிட்டு நாம போகலாமே" என்றான் தம்பி.

"நன்னிமா கை நடுங்குது, அத்தா. சேர்ந்து இறங்கினோம், சேர்ந்தே ஏறலாம். நான்தானே அமீர்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அமீர் ஒருவரை ஆக்கிய பிறகு, அவர் வயதில் சிறியவர் என்பதற்காக அவர் சொல்லைத் தள்ளினால், மஷூரா வெறும் பேச்சாகிவிடும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. சில நொடிகள் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மகனின் தோளில் கைவைத்து, "சரி அமீர் சாஹிப்" என்றான். இந்த முறை சொல்லில் கேலி இல்லை. டிக்கெட் பணம் போயிற்று. அம்மா அறையில் கம்பளிக்குள் இரண்டு மணி நேரம் உறங்கினார்கள். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

அன்றிரவு பதினொரு மணிக்கு எங்கள் அறைக் கதவு தட்டப்பட்டது. பையன் கணக்கிட்ட 10.56 கடந்து சில நிமிடம். தம்பி மகனுடன் உளூ செய்த ஈரக் கைகளோடு நின்றான். "ஜமாஅத்தா தொழலாமா அண்ணே?" என்றான். நான் அழைக்கவில்லை; யாரும் எதுவும் சொல்லவில்லை. நடக்கும் வழியில் இடித்துக்கொண்டு இரண்டு விரிப்புகளை விரித்தோம். சலாம் கொடுத்தபின் அம்மா நெடுநேரம் துஆவில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன என்று நான் கேட்கவில்லை.

மற்ற துறைமுகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காக்வே சிறிய ஊர். கப்பலிலிருந்து நடந்தே பார்த்துவிடலாம். 1898இல் தங்கம் தேடிச் சென்ற ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே மலை ஏறினார்கள். ஓராண்டுக்கான உணவும் பொருளும், ஏறத்தாழ ஒரு டன் எடை, உடன் இல்லாதவரைக் கனடாக் காவலர்கள் எல்லைக்குள் விடவில்லை. மனிதன் தங்கத்துக்காக அத்தனை கட்டுச்சாதம் சுமந்தான். நம் நெடும்பயணத்துக்குச் சிறந்த கட்டுச்சாதம் தக்வா என்று குர்ஆன் நினைவூட்டுகிறது. அங்கிருந்து 1900இல் கட்டி முடிக்கப்பட்ட மலை ரயில் இன்றும் ஓடுகிறது. ரயிலிலோ வாடகைக் காரிலோ எல்லை கடப்பதானால் கடவுச்சீட்டும் கனடா விசாவும் கையில் இருக்க வேண்டும். கப்பல் அறையின் பெட்டகத்தில் வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

கெட்சிகன் மழை ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர். நம் மாவட்டத்தின் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். சால்மன் மீன் அவ்வூரின் பெருமை. உணவுக் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. கப்பலில் ஹலால் இறைச்சிக்கு உறுதி இல்லாததால் மீனும் முட்டையும் காய்கறியும் உண்டோம். மீன் குழம்பில் மது சேர்க்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டால் மரியாதையோடு சொல்கிறார்கள். அலாஸ்காவின் பெரிய நண்டு உலகப் புகழ் பெற்றது. ஷாஃபிஈகளுக்கு அது ஆகும், ஹனஃபிகளாகிய நமக்கு ஆகாது. "அது உங்களுக்கு இல்ல, ஆனா மீன் இவ்வளவு இருக்கே" என்று அம்மா பேரனைத் தேற்றினார்கள்.

கிளேசியர் விரிகுடாவில் யாரும் இறங்குவதில்லை. நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி. 1794இல் ஆங்கில மாலுமி வான்கூவரின் குழு வந்தபோது அந்த விரிகுடாவே ஏறத்தாழ முழுதும் பனியால் அடைபட்டிருந்தது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்சென்றிருந்தது. அதற்கும் முன்பு அங்கே வாழ்ந்த ஹூனா த்லிங்கித் மக்களின் ஊர்களை முன்னேறிய பனி அழித்தது. அவர்கள் வேறிடம் சென்றார்கள். 2016இல்தான் அந்த விரிகுடாக் கரையில் அவர்களுக்கான மரபு இல்லம் மீண்டும் எழுந்தது. ஒரே பனி முன்னேறி ஒரு சமுதாயத்தைத் துரத்துகிறது, பின்வாங்கிப் புதுக் கடலைத் திறக்கிறது. நாம் நிலையானது என்று எண்ணும் எதுவும் நிலையானதன்று.

அக்கேள்விக்கு என் பதில் இதுதான். கூட்டத்தில் வயதானவர் இருந்து, வழி தெரிந்த ஒருவரும் இல்லையெனில் கப்பல்காரர்களின் சுற்றுலாவிலேயே செல்லுங்கள். கூடுதல் பணம் பாதுகாப்புக்கான கூலி. வழி தெரிந்தவர் இருந்தால் சொந்த ஏற்பாட்டில் இறங்குங்கள். ஆனால் ஒரு துறைமுகத்துக்கு ஓர் இடம் போதும். ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி முன்பே துறைமுகம் திரும்புங்கள். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் நடையே எல்லோரின் நடை. புறப்படுமுன் மஷூரா செய்யுங்கள், ஒருவரை அமீராக்குங்கள், ஆக்கியபின் கீழ்ப்படியுங்கள். முடியுமானால் அந்தப் பொறுப்பை ஒருமுறையாவது பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நாம் ஆயிரம் முறை சொல்லியும் அவர்களுக்குள் செல்லாதது, ஒரு நாள் பொறுப்பைச் சுமக்கும்போது தானே சென்றுவிடுகிறது.

தன் விருப்பப்படி சுற்றலாம் என்பதற்காகவே மக்கள் தனியாக இறங்குகிறார்கள். அங்கே நான் கண்டது வேறு. யாரும் நம்மை மேய்க்காத நேரத்தில்தான் ஒருவருக்கொருவர் நாம் பொறுப்பாளிகள் என்பது தெரிகிறது. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழியின் கருத்தை எத்தனையோ முறை மதரஸாவில் பாடமாக எடுத்திருக்கிறேன். அக்கரைகளில் அது என் குடும்பத்துக்குள் நடந்ததைப் பார்த்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பையன் நன்னிமாவை அழைக்கிறான். சியாட்டிலில் பகல் குறைந்து வருகிறதாம். அஸர் இத்தனை மணிக்கு, மஃக்ரிப் இத்தனை மணிக்கு என்று சொல்கிறான். அம்மாவுக்கு அந்த நேரங்களால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் கவனமாகக் கேட்டு, "அத்தா தொழுதாச்சா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார்கள்.

நம் பிள்ளைகள் எந்தக் கரையில் இறங்கினாலும் அவர்களின் ஈமானை அல்லாஹ் பாதுகாப்பானாக! பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாக அவர்களை ஆக்குவானாக! நம் அனைவரின் இறுதிப் பயணத்தையும் எளிதாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.